ரெஜிபோமில் ரிமோட் விமானம் கட்டுவது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் ரிமோட் விமானம் கட்ட ஆசைப்படும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கூடியவரை கேட்டவர்களின் சொற்களையே வைத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். கடையில் முழுதாக வாங்கிப் பறக்கவிடும் விமானம் பற்றி இதில் எதுவும் இல்லை. சொந்தக் கையால் வெட்டி, ஒட்டி, சமன் பார்த்து, உடைந்தால் அன்றைக்கே திருத்திக்கொள்ளும் விமானம் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

அண்ணா, ரெஜிபோமில் செய்த விமானம் உண்மையிலேயே பறக்குமா?

பறக்கும், நன்றாகவே பறக்கும். ரெஜிபோம் என்ற வெள்ளைப் பொதி ஃபோமின் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீற்றர் ரெஜிபோம் பொதுவாக 15 முதல் 30 கிலோவரைதான் இருக்கும். அதே அளவு தண்ணீர் 1000 கிலோ. இவ்வளவு எடை குறைந்த பொருளை வளையாதபடி உருவமைத்துவிட்டால் இறக்கைக்குத் தேவையான பலம் கிடைத்துவிடும்.

120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கையின் பரப்பு 2400 சதுர செ.மீ. மோட்டார், பற்றரி எல்லாம் சேர்த்து விமானம் 600 முதல் 700 கிராமுக்குள் நின்றால், ஒவ்வொரு 100 சதுர செ.மீ. இறக்கைக்கும் 25 முதல் 30 கிராம் சுமைதான் வரும். இந்தச் சுமையோடு விமானம் மெதுவாகப் பறக்கும். மெதுவாகப் பறப்பதைத்தான் புதியவரின் கைகள் கட்டுப்படுத்த முடியும். எடை 1 கிலோவைத் தாண்டிவிட்டால் அதே விமானம் வேகமாக ஓடினால் மட்டுமே மேலே நிற்கும். ஆகவே கட்டத் தொடங்கும் நாளிலேயே சமையலறைத் தராசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபோம் வாங்குவது? தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோம் போதுமா?

முதல் விமானத்துக்குப் புத்தகக் கடைகளில் விற்கும் 5 மி.மீ. ஃபோம் போர்ட் மிகவும் வசதியானது. இரு பக்கமும் கடதாசி ஒட்டியிருப்பதால் மடித்தாலும் பலமாக நிற்கும். கூரிய கத்தியால் நேராக வெட்டலாம். ஆனால் எல்லாத் தயாரிப்பும் ஒரே எடையில் வருவதில்லை. இரண்டு மூன்று கடைகளில் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்ததை வாங்குங்கள்.

பொதி ரெஜிபோமிலும் செய்யலாம். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றோடு வரும் தடித்த துண்டுகள் உடலுக்கும் மூக்குக்கும் உதவும். முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றும் வெள்ளைப் பெட்டிகளின் பக்கத் தகடுகளும் நல்லவைதான். கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். தடித்த துண்டை மெல்லிய தகடாக அறுக்க, மின்சாரத்தால் சூடேற்றிய நிக்ரோம் கம்பி வேண்டும். அந்த வேலையைத் திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்யவேண்டும். உருகும் ரெஜிபோமின் புகை மூச்சுக்குக் கேடு.

என்னென்ன சாமான் வேண்டும்? எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கவேண்டுமா?

வேண்டாம். முதலில் ஃபோமும் கத்தியும் பசையும் மட்டும் வாங்குங்கள். 60 செ.மீ. இறக்கையுள்ள, மோட்டார் இல்லாத எறி விமானம் ஒன்றைக் கட்டி, அது நேராகச் சறுக்கி இறங்கும்வரை திருத்துங்கள். சமன், இறக்கையின் வளைவு, வாலின் கோணம் ஆகியவற்றை அது செலவில்லாமல் கற்றுத்தரும். அது ஒழுங்காக இறங்காத நிலையில் மின்சாமான்களுக்குப் பணம் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

அடுத்த கட்டத்தில், நான் மேலே சொன்ன 120 செ.மீ. விமானத்துக்கு 2212 அளவுள்ள, 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் பொருந்தும். 22, 12 என்பவை மோட்டாரின் உள்ளே சுருள் சுற்றிய பகுதியின் விட்டமும் உயரமும், மில்லிமீற்றரில். 1000 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு, சுமையில்லாமல், நிமிடத்துக்கு 1000 சுற்று. இதோடு 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லர், ஈ.எஸ்.சி. என்று கடைகளில் சொல்லும் 30 அம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் 2200 எம்.ஏ.எச். (மில்லிஅம்பியர் மணி) லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி, வாலின் அசையும் பகுதிகளை இயக்கும் 9 கிராம் சேர்வோ இரண்டு, சமப்படுத்திச் சார்ஜ் செய்யும் சார்ஜர், கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரும் விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரும் வேண்டும்.

ஃபோம் உடையும், மோட்டாரும் ஒரு நாள் பழுதாகும். டிரான்ஸ்மிட்டர் பல விமானங்களுக்கு உழைக்கும். அதனால் பணத்தை அதில் போடுங்கள். குறைந்தது ஆறு சனல் (தனித்தனிக் கட்டுப்பாட்டு வழி) உள்ள 2.4 கிகாஹேர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் போதும். ஃபோமும் பசையும் நம் பட்டணங்களிலேயே கிடைக்கும். மின்சாமான்களைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லியோ இணையத்திலோ வாங்கலாம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு டிரான்ஸ்மிட்டரும் ஒரு சார்ஜரும் வாங்கி, ஆளுக்கொரு விமானம் கட்டுவதே மிகச் சிக்கனமான வழி.

சுப்பர் குளூ பூசினேன், ஃபோம் உருகிப்போய்விட்டது. எதனால் ஒட்டுவது?

சாதாரண சுப்பர் குளூ, பெற்றோல், தின்னர், செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசை எல்லாமே ரெஜிபோமைக் கரைத்துவிடும். ஸ்பிரே பெயின்ட்டும் அப்படித்தான். குளூ கன் விரைவானது. ஆனால் கன்னின் முனை மிகச் சூடாக இருந்தால் அதுவும் ஃபோமைத் தின்னும், தாராளமாக ஊற்றினால் எடையும் ஏறும். மரவேலைக்கான வெள்ளை பைண்டர் கம் மெதுவாகக் காய்ந்தாலும் எடை குறைவு, பிடிப்பும் நல்லது. இறக்கைக்கு பைண்டர் கம், மோட்டார் பலகைக்கு இரண்டு பாகம் கலக்கும் எப்பொக்சி, மற்ற இடங்களில் குளூ கன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு பிளான் படம் வாசிக்கத் தெரியாது. அளவுகளை எப்படித் தீர்மானிப்பது?

ஒரேயொரு அளவிலிருந்து எல்லாவற்றையும் கணக்கிடலாம். அது இறக்கையின் அகலம். அதை 20 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். இறக்கையின் நீளம் அதன் ஆறு மடங்கு, 120 செ.மீ. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூக்குவரை ஏறக்குறைய ஓர் அகலம், 20 செ.மீ. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து வாலின் முன்விளிம்புவரை ஒன்றரை முதல் இரண்டு அகலம், அதாவது 30 முதல் 40 செ.மீ. கிடையான வாலின் பரப்பு இறக்கையில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்றுவரை. 50 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டு இதற்குச் சரியாக வரும். நிமிர்ந்து நிற்கும் வால் இறக்கைப் பரப்பில் பத்தில் ஒன்று.

முதல் விமானத்தில் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) வேண்டாம். மோட்டார், எலிவேட்டர் (கிடையான வாலில் அசையும் பகுதி), சுக்கான் (நிமிர்ந்த வாலில் அசையும் பகுதி) என்ற மூன்று கட்டுப்பாடுகளே போதும். சுக்கானால் மட்டும் திரும்பவேண்டுமானால் இறக்கை இரு பக்கமும் மேல்நோக்கி உயர்ந்திருக்கவேண்டும். நடுவில் வெட்டி, ஒவ்வொரு முனையும் நடுப்பகுதியைவிட 5 செ.மீ. உயரமாக இருக்கும்படி ஒட்டுங்கள். இந்த உயர்வு இருந்தால் விமானம் சரிந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும்.

இறக்கையின் குறுக்குவெட்டுக்கு வளைவு எப்படிக் கொடுப்பது என்று பலர் தயங்குகிறார்கள். தட்டையான ஒரு தகட்டின் மேல், முன்பக்கத்துப் பாதி அகலத்தில் இன்னொரு தகட்டை ஒட்டிவிடுங்கள். நடுவில் ஒரு படி உண்டாகும். ரிச்சர்ட் கிளைன், ஃபிளாய்ட் ஃபோகல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1970களில் காப்புரிமை பெற்ற படி இறக்கையின் எளிய வடிவம் இது. பெரிய விமானங்களில் அது நிலைக்கவில்லை. சிறிய ஃபோம் விமானங்களிலோ கட்ட இலகு, பலம் அதிகம், மெதுவாகப் பறக்கும்போதும் சட்டென்று விழாது. முன்விளிம்பை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள்.

வேகமாகப் போகும்போது இறக்கை நடுவில் மடிந்துவிடுகிறது. ஏன்?

விமானத்தின் முழு எடையையும் தாங்குவது இறக்கையின் நடுப்பகுதி. திருப்பத்தில் அந்தச் சுமை இரண்டு மடங்காகவும் போகும். முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி, இரண்டு தகடுகளுக்கும் நடுவில், நன்கு காய்ந்த மூங்கில் சிலாகை ஒன்றை ஒட்டுங்கள். இறக்கை உயரும் இணைப்பில் மரத்தால் செய்த அடிமட்டம் ஒன்றை அந்தக் கோணத்துக்கே வெட்டிச் செருகினால் மடியாது. கீழ்ப்பக்கத்தில் நீளவாக்கில் ஒட்டும் நார் டேப்பும் பெரிய பலம்.

எங்கள் சேர் “சென்டர் ஒஃப் கிராவிட்டி” என்கிறாரே, அதை எப்படிப் பார்ப்பது?

விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் புள்ளி அது. பட்டத்துக்கு முச்சை கட்டியவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. முச்சை ஒரு விரல் மாறினாலே பட்டம் குத்துகிறது அல்லது எழும்ப மறுக்கிறது. விமானத்திலும் அந்தப் புள்ளி ஒரு விரல் பின்னால் போனால் பறப்பே கெட்டுவிடும்.

நேரான இறக்கைக்கு இந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்தில் இருக்கவேண்டும். 20 செ.மீ. அகலத்துக்கு அது 5 முதல் 6 செ.மீ. இறக்கையின் கீழ்ப்பக்கத்தில், உடலின் இருபுறமும் 5 செ.மீ.யில் பேனையால் குறியிடுங்கள். பற்றரி உட்பட எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகு, இரண்டு சுட்டுவிரல் நுனிகளையும் குறியில் வைத்துத் தூக்குங்கள். விமானம் கிடையாக நிற்கவேண்டும், அல்லது மூக்கு சற்றே தாழவேண்டும். மூக்குப் பாரமான விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் பாரமான விமானம் எறிந்த கையை விட்டதும் மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்துவிடும். புதியவர்களின் விமானங்கள் முதல் எறிதலில் விழுவதற்கு நான் காணும் முதன்மையான காரணம் இதுதான். ஒவ்வொரு நாளும் பறக்கவிடும் முன் பாருங்கள். பற்றரி 2 செ.மீ. நகர்ந்தாலும் புள்ளி மாறும்.

வால் பாரமாக இருக்கிறது. மூக்கில் கல் வைத்துக் கட்டலாமா?

அது கடைசி வழி. முதலில் பற்றரியை முன்னே தள்ளுங்கள். போதாவிட்டால் சேர்வோக்களை வாலருகிலிருந்து இறக்கைக்குக் கீழே கொண்டுவாருங்கள். வாலில் ஊற்றிய பசையையும் சுற்றிய டேப்பையும் குறையுங்கள். இவை எல்லாம் செய்தும் மூக்கு தாழாவிட்டால் மட்டும் இரும்புத் துண்டு வையுங்கள்.

தம்பி, அந்த பற்றரி தீப்பிடிக்கும் என்கிறார்களே, வீட்டுக்குள் வைக்கலாமா?

உங்கள் அச்சம் நியாயமானது அம்மா. லிப்போ பற்றரியைக் கைத்தொலைபேசி பற்றரியைப் போல நினைக்கக்கூடாது. அதற்கு வெளிக்கூடு இல்லை, குத்துப்பட்டாலும் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும் தீப்பிடிக்கும். ஒழுங்காகக் கையாண்டால் பயமின்றிப் பயன்படுத்தலாம். சீமெந்துத் தரையில், மண் நிரப்பிய சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். கிடுகுக் கூரைக்குக் கீழேயோ கட்டிலிலோ வேண்டாம். பிள்ளை விழித்திருந்து பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யவேண்டும். ஒரு வாளி மண் பக்கத்தில் இருக்கட்டும்.

மகனுக்கோ மகளுக்கோ சொல்லவேண்டியவை: 2200 எம்.ஏ.எச். பற்றரியை 2.2 அம்பியரில் சார்ஜ் செய்யுங்கள். மூன்று செல்களும் தலா 4.2 வோல்ட்டில் நிறையும். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கும் முன் தரையிறக்கிவிடுங்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல் பெரும்பாலும் மீளாது. பல நாள் பறக்கவிடாவிட்டால் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். ஊதிய பற்றரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. நம் வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியில் பற்றரியை விட்டுவிட்டு வகுப்புக்குப் போவதைப் பலரிடம் பார்க்கிறேன். அதை உடனே நிறுத்துங்கள்.

ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் பறக்கும்?

கொள்ளளவில் 80 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். 2200இல் அது 1760 எம்.ஏ.எச். சராசரியாக 8 அம்பியர் இழுத்தால் 13 நிமிடம் வரும். கைகடிகார மணியை 9 நிமிடத்தில் ஒலிக்கும்படி வையுங்கள். தரையிறக்கம் ஒரே முறையில் சரிவராது என்பதற்காக மிச்சம் வேண்டும்.

எங்கே பறக்கவிடலாம்? எந்த மாதம் நல்லது?

காலபோக அறுவடை முடிந்த வயல்தான் வன்னியின் மிகச் சிறந்த பறப்பிடம். பெப்ரவரி கடைசி முதல் சிறுபோக உழவு தொடங்கும்வரை அறுத்த அடித்தாள் மட்டும் நிற்கும் ஒட்டு வயல் வெறுமையாகக் கிடக்கும். காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். விழுந்தாலும் ஒட்டு தாங்கிக்கொள்ளும். வயற்காரரிடம் முதல்நாளே கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை கூடும் என்பதால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர்வரை முற்பகல் 9 மணிக்குப் பிறகு இந்த அளவு விமானம் காற்றில் அலையும். விடிந்ததும் ஒன்றிரண்டு மணிநேரமே உங்களுக்குரியது. அந்த நேரத்தில் இன்னொரு வசதியும் உண்டு: தென்மேற்குக் காற்றை எதிர்நோக்கி நின்றால் காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. வடகிழக்குக் காற்று வீசும் வாடை மாதங்களில் இதே காரணத்துக்காக மாலை நல்லது. மாரிக் காலத்தில் ஃபோம் போர்ட்டின் கடதாசி ஈரம் உறிஞ்சி இறக்கை முறுகும். விளிம்புகளை டேப்பால் மூடுங்கள்.

வற்றிய குளத்தின் தரை விரிவானது. ஆனால் கட்டாக்காலி மாடுகள் அங்கேதான் மேயும். அவற்றின் மேலாகப் பறக்கவிடாதீர்கள். கட்டுக்கரைக் குளம், வங்காலை, சுண்டிக்குளம் ஆகியவை பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே விமானத்தைக் கொண்டே போகவேண்டாம்.

இது ட்ரோன் இல்லையே, எதற்கு அனுமதி?

சட்டத்தின் கண்ணில் ஆளில்லாமல் பறப்பது எல்லாம் ஒரே குடும்பம். இலங்கையில் இதற்குரிய விதிகளை சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை வகுக்கிறது. எடையைப் பொறுத்து அவை மாறும். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் ஆளில்லா வானூர்திகள் முழுமையாக இடைநிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். விதிகள் மாறுகின்றன. ஆகவே கட்டத் தொடங்கும்போதே அதிகார சபையிடம் உங்கள் விமானத்தின் எடையையும் பறக்கும் இடத்தையும் எழுதிக் கேளுங்கள். பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

வன்னியில் அதற்கு மேலும் செய்யவேண்டியது உண்டு. வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. வேறு பல ஊர்களில் முகாம்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கம் பறக்கவிடவே கூடாது. கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். பாடசாலை விஞ்ஞானக் கழகத்தின் பெயரில், ஆசிரியர் ஒருவரின் கையொப்பத்தோடு போனால் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இலகுவாகிறது.

அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் அம்மம்மா நடுங்குகிறார். என்ன செய்வது?

முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். போர்க் காலத்தில் இரவு பகலாக வானத்தில் சுற்றிய வேவு விமானத்தை வன்னி மக்கள் வண்டு என்று அழைத்தார்கள். அந்த இரைச்சலுக்குப் பின்னால் என்ன வந்தது என்பதை அவர் கண்டவர். உங்கள் மோட்டாரின் சத்தம் அதற்குக் கிட்டத்தான் இருக்கிறது. அந்த நடுக்கத்தை மூடத்தனம் என்று நினைக்கும் பிள்ளை விமானம் கட்டக்கூடாது.

விமானத்தை அவர் மடியில் வைத்துக் காட்டுங்கள். ஃபோமைத் தொட்டுப் பார்க்கட்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை வீட்டு முற்றத்தில் ஓடவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். பிறகும் அவர் வேண்டாம் என்றால் வீட்டிலிருந்து சத்தம் கேட்காத தூரத்துக்குப் போங்கள். பறப்பிடத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் முதல்நாளே போய்ச் சொல்லுங்கள். பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றினால் இரைச்சல் குறையும். மேலே நான் சிறிய வேகமான மோட்டாரைச் சொல்லாமல் 10 அங்குலப் புரொப்பெல்லரைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் தடவை எப்படி எறிவது?

எறியும் முன் பார்க்கவேண்டியவை: சமன் புள்ளி, இறக்கையில் முறுக்கு இருக்கிறதா, கட்டுப்பாடுகள் சரியான திசையில் அசைகின்றனவா. விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டரின் கோலை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு உயரவேண்டும். வலப்பக்கம் தள்ளினால் சுக்கானின் பின்விளிம்பு வலப்பக்கம் போகவேண்டும். எலிவேட்டர் இரு பக்கமும் 1 செ.மீ., சுக்கான் 2 செ.மீ. அசைந்தால் போதும். சுக்கான் சேர்வோவை எய்லரானுக்குரிய சனலில் செருகுங்கள். பின்னாளில் எய்லரான் விமானத்துக்கு மாறும்போது கைப்பழக்கம் மாறாது.

முதலில் மோட்டார் இல்லாமல், மார்பு உயரத்திலிருந்து, காற்றை எதிர்த்து, ஒட்டு வயலில் தள்ளிப் பாருங்கள். நேராகச் சறுக்கினால் மோட்டாரோடு எறியலாம். இன்னொருவர் எறிய, நீங்கள் டிரான்ஸ்மிட்டரைப் பிடிப்பது நல்லது. முக்கால் பங்கு வேகத்தில் மோட்டார் ஓட, விமானத்தைக் கிடையாக, ஈட்டி எறிவதுபோலத் தள்ளவேண்டும். மேல்நோக்கி எறிபவர்களே அதிகம், அது தவறு. வேகம் இல்லாமல் மூக்குத் தூக்கிய விமானம் உடனே விழும். நான்கு தென்னை உயரம் போகும்வரை திருப்பாதீர்கள்.

விமானம் என்னை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடுகிறதே?

எல்லோருக்கும் மாறும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கோலைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக எண்ணிக்கொண்டால் கை தானாகப் போகும். மடிக்கணினி கிடைத்தால் இலவசப் பயிற்சி மென்பொருள் ஒன்றில் சில மாலைகள் பழகுங்கள்.

எறிந்ததும் இடப்பக்கம் சரிந்து விழுகிறது. சமன் சரியாகத்தான் இருக்கிறது.

மூன்று காரணங்கள் இருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் உருட்டும். மோட்டார் பலகையை 2 முதல் 3 பாகை வலப்பக்கமும் அதே அளவு கீழ்ப்பக்கமும் நோக்கும்படி சாய்த்து ஒட்டினால் இது அடங்கும். ஒரு பக்கத்தில் இரண்டு வளையங்களை (வாஷர்) செருகினாலே போதும்.

அடுத்து முறுக்கு. விமானத்தைக் கண் மட்டத்தில் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரு இறக்கைகளின் பின்விளிம்பும் ஒரே மாதிரித் தெரியவேண்டும். முறுகியிருந்தால் எதிர்ப்பக்கம் மெதுவாக முறுக்கி, சற்று வெப்பம் காட்டிப் பிடித்திருங்கள். மூன்றாவது, போதிய வேகம் இல்லாமல் எறிவது. மோட்டார் நின்ற சறுக்கலில் நேராகப் போய், மோட்டார் ஓடும்போது மட்டும் சரிந்தால் காரணம் முதலாவது. இரண்டிலும் சரிந்தால் முறுக்கு.

பற்றைக்குள் விழுந்துவிட்டது. போய் எடுக்கலாமா?

இதை மட்டும் யாரும் அரைகுறையாக வாசிக்கவேண்டாம். 2009இல் போர் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்காக நம் மாவட்டங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நடக்கிறது. முகமாலைப் பக்கம் அதை நேரில் பார்க்கலாம். சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், சிவப்பு முனைக் குச்சி, நாடா ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் ஒரு காலடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடமும் ஊரவர் மாடு கட்டாத, விறகு பொறுக்காத, பல காலம் யாரும் போகாத பற்றையாக இருந்தால் உள்ளே போகாதீர்கள். மண்ணில் பாதி புதைந்த உலோகம் எதையும் தொடாமல், வந்த வழியிலேயே திரும்பிப் பொலிசாருக்குச் சொல்லுங்கள். விமானம் அங்கேயே கிடக்கட்டும். ஃபோம் இன்னொன்று வாங்கலாம். ரிசீவரும் மோட்டாரும்கூட ஒரு காலுக்கு ஈடாகாது.

அதனால்தான் பறப்பிடத்தை விமானத்துக்காக மட்டும் தேர்ந்தால் போதாது. அது எந்தத் திசையில் தப்பிப் போனாலும் போய் எடுக்கக்கூடிய நிலம் சுற்றிலும் இருக்கவேண்டும். மின்கம்பியில் சிக்கினால் தடியால் தட்டாதீர்கள், மின்சார சபைக்கு அறிவியுங்கள். குளத்தில் விழுந்தால் நீந்திப் போகாதீர்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. ஃபோம் மிதக்கும், காற்று கரைக்குத் தள்ளும்வரை காத்திருங்கள். நனைந்த பற்றரியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியே தனியாக வையுங்கள்.

தூரம் போனதும் விமானம் சொல் கேட்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் பழுதா?

பெரும்பாலும் ரிசீவரின் அன்ரனாதான் காரணம். இரண்டு அன்ரனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பற்றரியிலிருந்தும் மோட்டார் கம்பிகளிலிருந்தும் தள்ளி ஒட்டுங்கள். டிரான்ஸ்மிட்டரின் அன்ரனா முனையை விமானத்தை நோக்கிக் குத்திப் பிடிக்காதீர்கள். முனையின் திசையில்தான் அலை மிகவும் பலவீனம். பறக்கவிடும் முன் நண்பர் விமானத்தைப் பிடிக்க, 100 மீற்றர் தள்ளி நின்று எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள்.

தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைப்பைச் செய்யுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதிக்கலாம். இதைச் செய்யாத விமானத்தை நான் எறியவிடமாட்டேன்.

கமரா பூட்டலாமா?

முதல் விமானத்தில் வேண்டாம். எடை கூடும், சமன் மாறும். அதைவிட முக்கியமாக, அடுத்தவர் வளவையும் கிணற்றடியையும் படம் பிடிக்க நமக்கு உரிமை இல்லை. அனுமதி பற்றி மேலே சொன்னவை கமரா இருந்தால் இன்னும் இறுக்கமாகும்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? என் மகளுக்கு 11 வயது.

எறி விமானத்தை இப்போதே தொடங்கட்டும். கத்தி வேலையையும் சூடான பசையையும் நீங்கள் பாருங்கள். அளவெடுப்பதும் வரைவதும் சமன் பார்ப்பதும் அவளுடையதாக இருக்கட்டும். 10 அங்குலப் புரொப்பெல்லர் விரலை வெட்டும் என்பதால் பற்றரி இணைத்த விமானத்தைப் பெரியவர் ஒருவரே கையாளவேண்டும். புரொப்பெல்லரைக் கடைசியாகப் பூட்டுவதைப் பழக்கமாக்குங்கள்.

இந்த விமானம் நன்றாகப் பறக்கிறது. அடுத்து என்ன கட்டுவது?

அதே உடலையும் வாலையும் வைத்துக்கொண்டு இறக்கையை மட்டும் புதிதாகக் கட்டுங்கள். முனைகளின் உயர்வை 5 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.க்குக் குறைத்து, பின்விளிம்பில் வெளிப்பாதி நீளத்துக்கு 4 செ.மீ. அகலமான எய்லரான் வெட்டுங்கள். கீல் செய்ய ஒரு பக்கத்துக் கடதாசியையும் ஃபோமையும் மட்டும் வெட்டி, மறுபக்கக் கடதாசியை விட்டுவிட்டு, வெட்டின் விளிம்பை 45 பாகையில் சரித்தால் போதும். ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு சேர்வோ வேண்டும். கோலை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் உயரவேண்டும். மேல்நோக்கி 12 மி.மீ., கீழ்நோக்கி 8 மி.மீ. என்று வைத்தால் திருப்பத்தில் மூக்கு வெளிப்பக்கம் இழுபடுவது குறையும். இறக்கையை மாற்றியதும் சமன் புள்ளியை மறுபடி பாருங்கள். இரண்டு சேர்வோக்கள் கூடியிருக்கின்றன.